வஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு நண்டு ஒத்துவராது

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நேற்று வீட்டுக்குள்ளே யாரோ நடந்த சத்தம் கேட்டது" என்று யாராவது தொடங்கினால், மேல்வீட்டுக்காரன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறவன் என்று கேட்கிற ஆள் நான். ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பாரம் இருந்தால் இருக்கிறது என்று மெஷின் காட்டும், இல்லையென்றால் காட்டாது, என்னுடைய தத்துவமும் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட மாட்டேன், ஆனால் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஆவி கீவி என்று யாராவது வாயைத் திறந்தால் கோப்பையோடு வெளியே போய்விடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் பாதிக் கதைக்குச் சிரிப்புத்தான் வரும்.

உலகக் கிண்ணப் பந்தாட்டம் இங்கே ஜெர்மனியில் நடந்த வருஷம் அது. எங்கள் ஊர் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். அங்கே ஹைக்கே என்று ஒரு ஜெர்மன்காரி, செம்பட்டைத் தலை, பழைய பால்கடை ஒன்றில் நாடகப் பட்டறை நடத்துகிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் செத்துப்போனவர்களை நினைத்து ஊர்ச்சனம் காகித விளக்குகளோடு சேமக்காலை, அதுதான் கல்லறைகள் இருக்கிற இடம், அதன் வாசல் வரைக்கும் ஊர்வலம் போகும், அதை நடத்துவது அவள்தான். அந்த வருஷம் தமிழ் ஆட்களும் சேரவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. தமிழ்ப் பூசை முடிந்து நாங்கள் மண்டபத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருக்கும்போது வந்து நின்று, என்னென்ன வேஷத்துக்கு ஆள் தேவை என்று வாசித்தாள். பொய்க்காலில் நடக்க ஆள், மேளம் அடிக்க ஆள், விளக்குப் பிடிக்க ஆள், செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்கள், வண்டியில் கிடக்க ஒரு பிரேதம். சம்பளம் கிடையாது, கடைசியில் சூப் உண்டு.

விளக்குப் பிடிக்க மண்டபமே கை தூக்கியது. ஒப்பாரி என்றதும் என் மனைவி ஜெசிந்தாவின் கை, ஹைக்கே சொல்லி முடிக்கும் முன்பே மேலே போய்விட்டது. பக்கத்தில் இருந்த மெர்சி அக்காவும், தான் குறைந்தவளா என்று தூக்கினாள். பிரேதத்துக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் மின்விசிறியே கிடையாது. அப்போது என் வலது கை தானாக உயர்ந்தது. பார்த்தால் ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

"இவர் படுத்தார் எண்டால் பிரேதம்தான்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "எழுப்பிற எனக்கெல்லோ தெரியும்."

மண்டபம் சிரித்தது, ஹைக்கே "ஸூப்பர்!" என்றாள், என் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஜெசிந்தாவுக்குத் திடீரென்று புத்தி வந்தது.

"இஞ்சருங்கோ, உயிரோடை இருக்கிற புருசனை முன்னாலை கிடத்தி வைச்சு நான் எப்பிடி ஒப்பாரி வைக்கிறது? அவசகுனமல்லோ?"

"அப்ப விடு. ஏலாது எண்டு ஹைக்கேக்குச் சொல்லுவம்."

"விடேலாது," என்றாள்.

ஏன் என்று நான் கேட்கத் தேவையில்லை. ஜெசிந்தா மன்னார்ப் பக்கம். பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்றால் கோயிலில் யேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்புகிற பசாம் படிக்கவும், செத்தவீடு என்றால் ஒப்பாரி தொடங்கவும் அந்தப் பக்கத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். அவளுடைய தகப்பன் இறந்த செய்தி இங்கே மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் வந்தது. ஊரில் சண்டை, பாதை பூட்டு, போக வழியில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள், வாயைத் திறந்து முதல் அடியை எடுத்தாள், உடனே கீழ்வீட்டுக் கிழவி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தாள். மத்தியான அமைதி நேரமாம். ஜெசிந்தா அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போனோம். இங்கே செத்தவீடு என்றால் தெரியும்தானே, அரை மணி நேரம் வரிசையாகக் கதிரை போட்டு இருப்பது, ஓர்கன், கைக்குட்டை, முடிந்தது. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை நான் பார்க்கவில்லை. இந்த ஒப்பாரி வேஷம் அவளுக்கு ஏன் வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் ஒரு தரமாவது வாய் விட்டு அழவேண்டும், எனக்கு அவ்வளவுதான். அதற்காக வண்டியில் என்ன, குப்பை லொறியில் கிடக்கச் சொன்னாலும் கிடந்திருப்பேன்.

"அப்ப உன்ரை அப்பாவை நினைச்சு அழுவன்," என்று வீட்டில் வைத்து ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.

"சூப் குடுக்கிற நாடகத்திலையோ? என்ரை அப்பாவை நாடகத்திலை வைச்சு அழச் சொல்லுறியளோ?" என்று அகப்பையோடு திரும்பினாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஒப்பாரி என்பது பொதுவாக அழுகிற அழுகை இல்லை. யாருக்கு என்று பேர் சொல்லி, முறை சொல்லி, அவர் தின்றது குடித்தது எல்லாம் சொல்லி அழவேண்டும். என்னை வைத்தும் அழக்கூடாது, தகப்பனை வைத்தும் அழக்கூடாது என்றால் ஆள் வேண்டுமே. அதனால் ஒரு ஆளைப் புதிதாகச் செய்வது என்று முடிவாகியது. எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்திலேயே, கூட்டம் போட்டோம். ஜெசிந்தா, மெர்சி அக்கா, மெர்சி அக்காவின் புருஷன் தாசன் அண்ணை, நான். தாசன் அண்ணைக்கு ஊர்வலத்தில் என் வண்டியை இழுக்கிற வேலை.

முதலில் பேர் வைப்பதற்கே பெரும் பாடு. உயிரோடு இருக்கிற யாருக்கும் இருக்கிற பேராக இருக்கக் கூடாது, இருந்தால் அவர் தலையில் விடிந்துவிடும். அந்தோனிப்பிள்ளை என்றால் மெர்சி அக்காவின் மாமா பாரிஸில் இருக்கிறார். சவிரிமுத்து லண்டனில் கடை வைத்திருக்கிறார். மரியதாஸ் என்று எங்கள் பூசைக்கே இரண்டு பேர் வருகிறார்கள், அதில் ஒருவருக்குப் போன மாதம்தான் இருதய ஆபரேஷன். கடைசியில் ரோல்ஸுக்கு நடுவே தாசன் அண்ணை, "வஸ்தியாம்பிள்ளை" என்றார். எல்லோரும் யோசித்தோம், ஒருவருக்கும் அப்படி ஓர் ஆளைத் தெரியவில்லை. மெர்சி அக்கா விடவில்லை, ரொறொன்ரோவில் இருக்கிற தன் பெரியம்மாவுக்குத் தொலைபேசி அடித்து உறுதிப்படுத்தினாள். உலகத்தில் எந்தத் தமிழன் எங்கே இருக்கிறான் என்று அந்த மனுஷிக்குத் தெரியும்.

பிறகு சாதகம் எழுதினோம். மீன்பிடிகாரர் என்றாள் ஜெசிந்தா. இல்லை, வாத்தியார் என்றாள் மெர்சி அக்கா. இரண்டு லொறி வைத்திருந்தவர் என்று தாசன் அண்ணை அடித்துச் சொன்னார், அவருக்கு லொறி வாங்க முடியாமல் போன கவலை. லொறி வென்றது. சாப்பாட்டில் நண்டுக்கறி என்றால் உயிர் என்று ஒரே மனதாக முடிவாகியது.

"குடிப்பாரோ?" என்று நான் கேட்டேன்.

"சீ, நல்ல மனுசன்," என்றாள் மெர்சி அக்கா.

"குடிக்காதவனுக்கு ஆர் அழப்போறினம்?" என்றார் தாசன் அண்ணை. விசேஷ நாட்களில் மட்டும் கொஞ்சம் என்று சமாதானம் ஆனது.

கல்யாணம் செய்து வைக்க முடியவில்லை, ஏனென்றால் அவருடைய விதவையாக அழ இரண்டு பெண்களும் சம்மதிக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் அண்ணை, தனிக்கட்டை, தாசன் அண்ணை மாதிரியே கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, இந்த ஊரில் ஒருவரும் இல்லாமல் செத்துப்போனவர். கூட்டம் முடியும்போது மெர்சி அக்காவின் கண் கலங்கிவிட்டது. "பாவம், சாகிற வயசில்லை," என்று மூக்கைச் சிந்தினாள். நாங்கள் அந்த மனிதனைச் செய்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒத்திகையில் ஹைக்கே ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. சேமக்காலை வாசலுக்குப் போனதும் மணி அடிக்கும், எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும், ஒரு நிமிஷம் மௌனம். ஜெசிந்தா அழத்தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள், மணிச்சத்தமும் அவளுக்கு ஏறாது. அதனால் மணி அடித்ததும் பிரேதமாகிய நான் துணிக்குள்ளே என் வலது முழங்காலை மெதுவாக உயர்த்த வேண்டும், அதைக் கண்டு மெர்சி அக்கா ஜெசிந்தாவின் தோளைத் தட்ட வேண்டும். பிரேதம் காலைத் தூக்குவது வடிவில்லையே என்றேன். வெள்ளைத் துணியில் சின்ன மலை மாதிரி கலையாக இருக்கும் என்றாள் ஹைக்கே.

அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, குளிர் எலும்பைத் தின்றது. எனக்கு முகமெல்லாம் பவுடர், வெள்ளை வேட்டிக்குக் கீழே இரண்டு காற்சட்டை, வயிற்றில் ஜெசிந்தா வைத்த சுடுதண்ணிப் பை. விவசாயி ஒருவரிடம் வாங்கிய மர வண்டியில் மல்லாக்கக் கிடத்தி, தலையிலிருந்து கால் வரை துணியால் மூடினார்கள். தாசன் அண்ணை முன்னால் நின்று வண்டித் தடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஜெசிந்தாவும் மெர்சி அக்காவும் என் இடது பக்கம். வலது பக்கம் சேமக்காலை மதில். பொய்க்கால் ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று வண்டியை மதிலோடு ஒட்டி இழுக்கச் சொல்லியிருந்தாள் ஹைக்கே, சில இடங்களில் சக்கரம் மதிலை உரசுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. இதை மறக்காமல் வைத்திருங்கள், வலது பக்கம் ஒரு பூனை போகவும் இடமில்லை.

ஒரு ஜெர்மன் பிள்ளை, "அம்மா, செத்தவர் மூச்சு விடுகிறார்," என்றது. தாய், "உஷ், அவர் பழகுகிறார்," என்றாள்.

அப்போது ஜெசிந்தா தொடங்கினாள். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மேளக்காரர்கள் தாளம் தவறிவிட்டார்கள், உண்மையாக.

"என்ரை அண்ணையே, ஆருமில்லா ஊரிலை அந்தரிச்சுப் போனியளோ
நண்டுக்கறி காய்ச்சி வைச்சு நாலு முறை கூப்பிட்டேனே…"

"நண்டோ?" என்றது ஒரு குரல்.

ஆண் குரல். கொஞ்சம் கரகரப்பு. என் வலது காதுக்குப் பக்கத்தில்.

"நண்டு எனக்கு ஒத்துவராது தம்பி. திண்டால் உடம்பெல்லாம் தடிச்சுப்போடும்."

தாசன் அண்ணை பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். துணிக்குள்ளிருந்து, "பேசாமல் இழுங்கோ அண்ணை, சிரிப்பு வருகுது," என்று முணுமுணுத்தேன். மெர்சி அக்கா அடுத்த அடியை எடுத்தாள், ரெண்டு லொறி ஓடினியளே, ராசா மாதிரி இருந்தியளே என்று.

"லொறியோ!" என்றது குரல். "சைக்கிளுக்குக் காத்தடிக்க வழியில்லை."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் சுடுதண்ணிப் பை குலுங்கியது. நம்பினால் நம்புங்கள், எனக்கு அந்த நேரம் ஒரு பயமும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் இருக்கிற ஆள் கதை கொடுக்கிற மாதிரித்தான் இருந்தது.

வாசலில் வண்டி நின்றது. மணி அடித்தது. மேளம் நின்றது, பொய்க்கால் நின்றது, அவ்வளவு சனமும் மூச்சை அடக்கி நிற்கிறது தெரிகிறது, ஜெசிந்தா மட்டும் அழுகிறாள். நான் சொன்னபடி வலது முழங்காலை உயர்த்தினேன். ஒரு சாண் உயர்ந்திருக்கும். ஒரு கை அதன்மேல் வைத்து மெதுவாகக் கீழே அமர்த்தியது. முரட்டுத்தனமாக இல்லை, விருந்துக்குப் போன இடத்தில் நாம் எழும்பும்போது "இருங்கோ, இருங்கோ" என்று அமர்த்துவார்களே, அப்படி.

"இன்னும் கொஞ்சம் தம்பி," என்றது குரல். "இன்னும் கொஞ்சம் அழட்டும்."

அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் காலை அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு ஜெசிந்தாவின் ஒப்பாரியில் அண்ணை என்ற சொல் நின்று அப்பா என்ற சொல் வந்தது. வலை, தோணி, பூட்டின பாதை, மூன்றாம் மாடி, தும்புத்தடி, எல்லாம் வந்தது. ஒரு நிமிஷ மௌனம் எத்தனை நிமிஷம் ஆகியதோ தெரியாது, ஒருவரும் அவளை நிறுத்தவில்லை. நான் துணிக்குள்ளே கிடந்து அழுதேன், பவுடர் காதுக்குள் வழிந்தது. ஹைக்கே வாய்விட்டு அழுதது எனக்குத் தனியாகக் கேட்டது. ஜெசிந்தா தானாக நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, ஜெர்மன் மொழியில் "மன்னிக்கவும்" என்றாள். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, நான் பிரேதம் என்பதை மறந்து துணியை விலக்கி எழும்பி உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையில் நின்ற ஒரு கிழவி விளக்கைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சூப் குடிக்கும்போது தாசன் அண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, லொறி பகிடி நல்லா இருந்தது. ஆனால் மௌன நேரத்திலை என்ரை காலை அமத்தினது சரியில்லை."

"என்ன லொறி? எனக்கு மூச்சே வரேல்லை, ரெண்டு கையும் தடியிலை," என்று உள்ளங்கையைக் காட்டினார். இரண்டிலும் கொப்புளம். மெர்சி அக்காவைக் கேட்டேன், நீங்கள் காலைத் தூக்கவே இல்லையே, நான் பார்த்துக்கொண்டே நின்றேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்து ஜெசிந்தாவிடம் கேட்டேன், உன்ரை அப்பாவுக்கு நண்டு ஒத்துவராதோ என்று.

"அப்பாவுக்கோ?" என்று சிரித்தாள். "நண்டுக் கோதையும் விடமாட்டார்."

அப்படியென்றால் அது அவளுடைய அப்பா இல்லை. வேறு யார்? நாங்கள் குசினியில் வைத்துச் செய்த ஆளுக்கு நாங்கள் நண்டு பிடிக்கும் என்றுதானே எழுதினோம், அவருக்கே அது ஒத்துவராது என்றால் என்ன நியாயம்? சரி, நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். குளிர், சுடுதண்ணிப் பை, துணி மூடின இருட்டு, நான் படுத்தால் நித்திரை, கனவு கண்டிருக்கிறேன். ஜெசிந்தா அடுத்த நாளிலிருந்து குசினியில் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள், எனக்கு அது காணாதா? கதையை அதோடு மூடிவிட்டேன்.

அடுத்த வருஷம், அதாவது போன வருஷம், ஹைக்கே மறுபடியும் கேட்டாள். முதுகு நோகுது என்று நான் தப்பிவிட்டேன். வேர்னர் என்று ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், பெரிய வயிறு, தமிழில் ஒரு சொல் தெரியாது, சந்தோஷமாக வண்டியில் ஏறிப் படுத்தார். அதே மதில், அதே வண்டி. ஜெசிந்தா வஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு அழுதாள், நான் விளக்கோடு கடைசி வரிசையில் பத்திரமாக நின்றேன். அந்த முறை வாசல் வருமுன்பே அவள் தானாக நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஒரே நாளிலை அழுது முடிச்சால் வாற வருசத்துக்கு என்ன செய்யிறது? இன்னும் கிடக்குது," என்றாள்.

பிறகு மண்டபத்தில் வேர்னர் சூப் கோப்பையோடு என்னைத் தேடி வந்தார். வண்டிக்கு வலது பக்கமாக நடந்து வந்த உங்கள் நண்பர் நல்ல மனிதர், கடைசியில் என் முழங்காலில் தட்டிவிட்டு ஒரு சொல் சொன்னார், மறக்கக் கூடாது என்று இவ்வளவு நேரமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"என்ன சொல்?" என்றேன். என் கையில் இருந்த ரோல்ஸ் கையிலேயே நின்றுவிட்டது.

"காணும்," என்றார் வேர்னர். மிகவும் கவனமாக, இரண்டு தரம் சொன்னார். "காணும்."

எங்கள் யாழ்ப்பாணத்து, மன்னார்ப் பேச்சில் அதற்குப் போதும் என்று அர்த்தம். சாப்பாடு போடும்போது கையால் மறித்துச் சொல்வோமே, அந்தக் காணும். நான் வேர்னருக்கு அதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, எனக்கு இன்னும் போதவில்லை என்று சிரித்துக்கொண்டு என் ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்.

இதை நான் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தனக்கு இன்னும் கிடக்கிறது என்கிறாள் அவள், காணும் என்கிறார் யாரோ. சொன்னால் அடுத்த நிமிஷமே நிறுத்திவிடுவாள், அவளை எனக்குத் தெரியும், ஒரு தரம் மூடின வாய் பிறகு எத்தனை வருஷம் மூடியிருந்தது என்பதும் தெரியும். இப்போது நவம்பர் வரப்போகிறது, குசினியில் நின்று புது அடிகள் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேர்னருக்கு இடுப்பில் ஆபரேஷன், படுக்க மாட்டாராம். இந்த வருஷம் வண்டியில் படுக்கப்போவது பாரிஸிலிருந்து வந்திருக்கிற மெர்சி அக்காவின் மருமகன். அவனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.